மறைந்து சுட்டவனின் கடிகாரம்

உலகத்தில் மனிதர்கள் சேகரிக்காத பொருள் என்று ஒன்று இல்லை. தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய காசுகளைச் சேர்த்து, அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து, காசோடு அதன் மதிப்பையும் தேய்த்துவிடுகிறவர்களும் உண்டு. இவர்களுள் தனி ரகமாக இருப்பவர்கள் பட்டாளத்துக் கடிகாரம் சேர்ப்பவர்கள். சர்க்கார் செலவில் செய்து சிப்பாய்க்குக் கொடுத்த பழைய கைக்கடிகாரம் ஒன்று ஏலத்துக்கு வந்தால், புதுக் கடிகாரத்தைத் திரும்பியும் பாராதவர்கள் அதைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு சொல்லுக்குத் தனி மவுசு இருக்கிறது. 'ஸ்னைபர்' என்பது அந்தச் சொல். மறைந்திருந்து ஒரே குண்டில் ஒருவனை வீழ்த்தும் வீரனுக்கு அந்தப் பெயர். சாதாரணச் சிப்பாய் கட்டியிருந்த கடிகாரத்துக்கு ஒரு விலை. அதையே "ஸ்னைபர் கட்டியிருந்தது" என்று சொல்லிவிட்டால் வேறொரு விலை. இரண்டினுள்ளும் ஓடுவது அதே பதினைந்து கல் யந்திரந்தான். முள்ளும் அதே முள். முகப்பும் அதே முகப்பு. வித்தியாசம் முழுவதும் விற்பவர் வாயில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற நமக்கு இது சுவையான விஷயமாகப் படுகிறது. ஒரு சாசனத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லுகிறோம்: சொல்லுகிறவர் யார்? எப்போது சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்? கல்லுக்கும் செப்பேட்டுக்கும் கேட்கிற இந்தக் கேள்விகளைக் கடிகாரத்துக்கும் கேட்டுப் பார்த்தால் என்ன?

உள்ளானும் வாலியும்

முதலில் அந்தச் சொல்லின் கதையைக் கேளுங்கள். அது பிறந்தது நம் நாட்டில். உள்ளான் என்ற பறவையை நேயர்கள் அறிவார்கள். நீண்ட மூக்கு, சேற்றின் நிறமே தன் நிறம், கோரைக்குள் பதுங்கியிருந்தால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கிளம்பிவிட்டாலோ நேரே பறக்காமல் இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டிப் பறக்கும். இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்று பெயர். இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் பொழுது போக்காக இதைச் சுடப் போனார்கள். இதை அடிக்கக் குறியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். 1770-களில் அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களிலே இந்த வேட்டைக்கு 'ஸ்னைபிங்' என்ற பெயர் வழங்கியதாகச் சொல்லுவார்கள். பறவையை அடித்தவனுக்கு வந்த பெயர், பிற்காலத்தில் மனிதனை அடிப்பவனுக்கு ஆகிவிட்டது.

மறைந்து நின்று அடிப்பது தர்மமா என்ற கேள்வியோ நமக்குப் புதிதல்ல. மரத்தின் பின்னே நின்று வாலியின்மேல் அம்பு விட்டது சரியா, தப்பா என்று நம் ஊர்களில் எத்தனை தலைமுறையாக வாதம் நடக்கிறது! ஐரோப்பாவின் போர்க்களங்களிலும் அதே வாதம் நடந்தது. எதிரிகள் ஸ்னைபரை வெறுத்தார்கள். பிடிபட்டால் அவனிடம் பெரும்பாலும் தயை காட்டவில்லை. அவனுடைய சொந்தப் பட்டாளத்தாரே அவன் பக்கத்தில் இருப்பதை விரும்பவில்லை. அவன் ஒரு குண்டு சுட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். பதிலுக்கு வரும் பீரங்கிக் குண்டுகள் அங்கேயே இருக்கிறவர்கள் தலையில் அல்லவா விழும்?

பூனையும் குறிப்புப் புத்தகமும்

1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தில், பதுங்கு குழிகளில் எதிரும் புதிருமாகப் படைகள் உட்கார்ந்துவிட்ட ஆரம்ப காலத்தில், இந்த வித்தையில் ஜெர்மானியரே கைதேர்ந்தவர்களாக இருந்தார்கள். அதற்கு மாற்றுத் தேடிய ஆங்கிலேயருள் முக்கியமானவர் ஹெஸ்கெத்-பிரிச்சார்டு. அவர் வேட்டைக்காரர், கிரிக்கெட்டில் பெயர் பெற்ற பந்து வீச்சாளர், தென் அமெரிக்காவின் கோடியில் பாட்டகோனியா வரை சுற்றி வந்தவர். பிரான்சிலுள்ள லிங்கெம் என்ற கிராமத்தில் 1916-ல் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். காகிதக் கூழில் மனிதத் தலை செய்து, அதைக் குழிக்கு மேலே காட்டி, எதிரியின் குண்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் தந்திரத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். தம் அநுபவங்களை 1920-ல் புத்தகமாக வெளியிட்டு, 1922-ல் காலமானார்.

அவர் வற்புறுத்திய பாடம் நாம் எதிர்பார்க்கிற பாடம் அல்ல. சுடுவதைவிடப் பார்ப்பது பெரிது என்பதே அது. ஸ்னைபர் தனியாகப் போவதில்லை. இரண்டு பேராகப் போவார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி, மற்றவன் கையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. கண் களைத்துப்போகும் என்பதால் வேலையை மாற்றி மாற்றிச் செய்வார்கள். கண்ட ஒவ்வொன்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன தெரிந்தது, அதற்கு என்ன செய்தோம்.

அத்தகைய குறிப்புகளில் ஒரு தடவை ஒரு பூனை வந்தது. ஜெர்மானியர் குழியின் மேட்டில் நல்ல கொழுத்த பூனை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாளும் அதே இடத்தில் காணப்பட்டது. எலிகள் மலிந்த குழிகளில், நன்றாக வளர்க்கப்பட்ட பூனை ஒன்று தினந்தோறும் ஒரே இடத்தில் இருக்கிறதென்றால், அதை வளர்க்கிறவர்கள் வசதியாகத் தங்குகிற அதிகாரிகளாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள். பிறகு அந்த இடத்துக்குப் பீரங்கிக் குண்டுகள் போய்ச் சேர்ந்தன. ஒரு துப்பாக்கிக் குண்டு செய்ய முடியாத காரியத்தைக் குறிப்புப் புத்தகத்தின் இரண்டு வரி செய்துவிட்டது.

ஸ்னைபருக்குக் கடிகாரம் எதற்கு என்பது இப்போது விளங்கியிருக்கும். மணி எழுதாத குறிப்பு, தேதியில்லாத கடிதத்தைப் போன்றது. மேலும், அவன் இருட்டோடு புறப்பட்டுத் தன் மறைவிடத்தை அடைந்து, பகல் முழுவதும் அசையாமல் கிடந்து, மறுபடியும் இருட்டிய பிறகே திரும்புவான். எந்த நேரத்தில் எந்த வழியாகத் திரும்புவான் என்று தன் பக்கத்துக் காவல்காரனுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். நேரம் தவறினால் சொந்தப் படையின் குண்டே அவனுக்கு யமனாகிவிடும். தவிர, ஒரு பீரங்கியின் வெளிச்சம் தெரிந்து எத்தனை விநாடி கழித்து ஓசை கேட்கிறது என்று பார்த்தால் தூரத்தை மதிப்பிடலாம். ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி செல்லும். ஐந்து விநாடி ஆனால் பீரங்கி ஒரு மைலுக்குச் சற்று அப்பால் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் விநாடி முள் உள்ள நம்பகமான கடிகாரம் வேண்டும். அழகான கடிகாரம் வேண்டியதில்லை. பளபளக்கிற கடிகாரமோ கூடவே கூடாது.

முதுகில் எழுதிய சாசனம்

முதல் யுத்தத்துக்கு முன் ஆண்மக்கள் பையில் வைக்கும் கடிகாரத்தையே கௌரவமாகக் கருதினார்கள். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்பது அக்காலத்து எண்ணம். ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் தோட்டாவும் வைத்திருக்கிறவன் பையைத் துழாவிக் கொண்டிருக்க முடியுமா? யுத்தம் கடிகாரத்தைக் கைக்கு ஏற்றிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் தரைப்படைக்கு வந்த கடிகாரங்களுள் மூன்று வகைகளைச் சேகரிப்பவர்கள் முக்கியமாகத் தேடுகிறார்கள். முதல் வகை பைக்கடிகாரம். அதன் முதுகில் 'ஜி.எஸ்.டி.பி.' என்ற எழுத்துக்கள் இருக்கும். ஹெல்வெஷியா, சீமா, ஜேஜர்-லெகூல்டர், வால்தம் முதலிய பல கம்பெனிகள் இதைச் செய்து கொடுத்தன. இரண்டாம் வகை 'ஏ.டி.பி.' என்று பொறித்த கைக்கடிகாரம். பெரும்பாலும் வெள்ளை அல்லது வெள்ளி நிற முகப்புக் கொண்டது. மூன்றாம் வகைதான் சேகரிப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. 'கடிகாரம், கை, நீர் புகாதது' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தாக 'டபிள்யூ. டபிள்யூ. டபிள்யூ.' என்று அதன் முதுகில் பொறித்திருக்கும். கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள், இருட்டில் ஒளிரும் பூச்சு, ஆறு மணி இடத்தில் சிறிய விநாடி வட்டம், எளிதில் உடையாத கண்ணாடி, பதினைந்து கல் யந்திரம் என்று ராணுவம் இலக்கணம் வகுத்துக் கொடுத்தது. அந்த இலக்கணத்துக்கு இணங்க ஸ்விட்ஸர்லாந்திலிருந்து பன்னிரண்டு கம்பெனிப் பெயர்களில் கடிகாரங்கள் வந்தன: பியூரன், சீமா, எட்டெர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேஜர்-லெகூல்டர், லெமானியா, லான்ஜீன்ஸ், ஒமேகா, ரெக்கார்டு, டைமர், வெர்டெக்ஸ். ஒமேகா ஏராளமாக வந்தது. கிரானா மிகவும் அரிது. பதினொன்றைச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவதாகிய கிரானாவுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு முத்திரை உண்டு. காக்கைக் கால் போல மூன்று கோடுகள் சேர்ந்த அம்புக் குறி அது. "இது சர்க்கார் சொத்து" என்று பொருள். பல நூற்றாண்டுகளாகப் பிரிட்டிஷ் சர்க்கார் தன் பொருள்களின் மேல் இட்டுவரும் குறி. அதன் அருகில் எண்கள் இருக்கும். அந்த எண் கடிகாரத்தின் எண்ணே தவிர, அதைக் கட்டிய மனிதனின் எண் அல்ல என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, அம்பும் இருக்கிறது; 'ஸ்னைபர்' என்ற சொல் மட்டும் இந்த மூன்று வகையில் எதன்மேலும் இல்லை. ஸ்னைபருக்குக் கிடைத்ததும் இந்தப் பொதுக் கடிகாரம். கம்பிச் செய்தி அனுப்புகிறவனுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் கிடைத்ததும் இதுவே. அமெரிக்கப் படைக்கு எல்ஜின், வால்தம், புலோவா கம்பெனிகள் செய்த 'ஏ-11' கடிகாரத்திலும், ஜெர்மன் தரைப்படைக்கான 'டி.எச்.' முத்திரைக் கடிகாரத்திலும் நிலைமை இதுதான்.

துப்பாக்கியின் கதை வேறு. அந்த யுத்தத்தின் பிரிட்டிஷ் ஸ்னைபர் துப்பாக்கிகளில் 26,000-க்கு மேற்பட்டவற்றை ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்ற கம்பெனி 1942 முதல் அதற்கென்றே மாற்றி அமைத்தது. தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்திய அந்தத் துப்பாக்கிக்குத் தனிப் பெயரும் தனி அடையாளமும் உண்டு. அது தன் தொழிலைத் தானே சொல்லும். கடிகாரம் சொல்லாது.

தேதி என்னும் சாட்சி

இனி விற்பவரின் கதைக்கு வருவோம். "நார்மண்டியில் இறங்கிய ஸ்னைபர் ஒருவர் கையில் இருந்த டபிள்யூ. டபிள்யூ. டபிள்யூ. கடிகாரம்" என்று ஒருவர் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியது 1944-ஆம் வருஷம் ஜூன் 6-ந் தேதி. இந்தக் கடிகாரங்கள் ராணுவத்தின் கைக்கு வரத் தொடங்கியதோ 1945-ல். அந்த வருஷம் மே மாதத்தில் ஐரோப்பிய யுத்தமே முடிந்துவிட்டது. கையில் கட்ட ஆள் இருந்தான். சுட எதிரி இருந்தான். கடிகாரந்தான் இன்னும் வந்து சேரவில்லை! நார்மண்டியில் மணி பார்த்தவன் ஏ.டி.பி. கடிகாரத்திலோ, பைக்கடிகாரத்திலோ, தன் சொந்தக் கடிகாரத்திலோ பார்த்திருப்பான். இப்படி ஒரு தேதி, அலங்காரமான கதையை ஊசி குத்திய பலூனாக்கி விடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சர்க்கார் சொத்து என்பதால், யுத்தத்துக்குப் பிறகு இக்கடிகாரங்கள் ராணுவப் பட்டறைகளில் பலமுறை பிரித்துப் பழுது பார்க்கப்பட்டன. பட்டறைக்காரருக்கு நேரம் காட்டுகிற கடிகாரம் வேண்டும். பிற்காலத்துச் சேகரிப்பவரின் மனக்கவலை அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றின் முள்ளை எடுத்து மற்றொன்றில் போட்டார்கள், முகப்பை மாற்றினார்கள். ஆகவே உடம்பு ஒன்று, முகம் ஒன்று, முள் ஒன்றாக இருக்கும் கடிகாரங்கள் ஏராளம். அவற்றைப் போலி என்று தள்ளுவது நியாயமல்ல. பட்டறை போட்ட ஒட்டும் அதன் சரித்திரமே. ஆனால் நேற்று ஒருவர் கடையில் உட்கார்ந்து ஒட்டிவிட்டு, "தொட்டதேயில்லை" என்று சத்தியம் செய்வது வேறு விஷயம்.

பிற்காலத்துக் கடிகாரங்களில் படிப்பது சற்று எளிது. 'டபிள்யூ 10' என்று முதுகில் இருந்தால் தரைப்படைக்கு உரியது. '6 பி' என்றால் விமானப் படை. '0552' என்றால் கடற்படை. இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் ஸ்மித்ஸ் கம்பெனி 1967 முதல் 1970 வரை செய்த 'டபிள்யூ 10' கடிகாரத்தில் வருஷமே பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அது நல்ல அரிச்சுவடி.

அணைந்த ஒளி, அணையாத நெருப்பு

கதை பொய்யாகலாம், ஆனால் இந்தக் கடிகாரங்களில் பொய்யாகாத ஒன்று இருக்கிறது. அது முகப்பில் உள்ள ரேடியம். இருட்டில் மணி தெரிவதற்காக எண்களின் மேல் ரேடியம் கலந்த பூச்சைத் தடவினார்கள். ரேடியத்தின் கதிர் பட்டு, பூச்சிலுள்ள மற்றொரு சரக்காகிய துத்தநாகக் கந்தகம் ஒளி விட்டது. சில வருஷங்களில் அந்தத் துத்தநாகச் சரக்கு நைந்துபோய் ஒளி அணைந்துவிடுகிறது. ரேடியமோ அணைவதில்லை, அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். ஒளிராத முகப்பைக் கண்டு, "இதில் ஒன்றும் இல்லை" என்று நினைப்பது, சாம்பல் பூத்த நெருப்பைக் கையால் அள்ளுவது போலாகும்.

இந்தப் பூச்சுக்காக உயிர் கொடுத்தவர்கள் போர்க்களத்தில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து ஆரஞ்சு என்ற ஊரில், முதல் யுத்த காலத்தில் ராணுவத்துக்காக இத்தகைய முகப்புக்களை எழுதும் தொழிற்சாலை நடந்தது. வேலை செய்தவர்கள் இளம் பெண்கள். தூரிகையின் நுனி கூர்மையாக இருக்கவேண்டுமென்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிறிது ரேடியம் உள்ளே போயிற்று. பிறகு பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் மாண்டார்கள். 1927-ல் கிரேஸ் பிரையர் முதலிய ஐந்து பெண்கள் கம்பெனியின்மேல் வழக்காடினார்கள். 1928-ல் வழக்கு சமாதானமாக முடிந்து நஷ்டஈடு கிடைத்தது. தொழிலாளிகளின் பாதுகாப்புச் சட்டங்களின் சரித்திரத்தில் அந்த வழக்குக்கு நிலையான இடம் உண்டு.

இதை நினைக்கும்போது ஒரு முரண்பாடு நம் மனத்தை உறுத்துகிறது. ஸ்னைபரின் கதைக்குப் பெரும்பாலும் சாட்சி இல்லை; ஆனால் அதற்கு விலை ஏறுகிறது. முகப்பெழுதிய பெண்களின் கதைக்கு நீதிமன்றமே சாட்சி. அதைச் சொல்லி யாரும் ஒரு காசு கூட்டி விற்பதில்லை. கொன்றவன் கட்டியிருந்தான் என்றால் ஆவலோடு கை நீட்டுகிறோம். ஒளி எழுதி மாண்டவள் உண்டு என்றால் கையை இழுத்துக்கொள்கிறோம்.

நல்ல சேகரிப்பவர் யார்?

கடிகாரம் சேர்க்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கெட்டித் தொழிலும் நேரான வடிவமும் கூடிய இப்பொருள்கள் பாதுகாக்கத் தக்கவையே. ஆனால் சில நியமங்கள் வேண்டும். ரேடியம் பூசிய கடிகாரத்தின் மூடியைத் தாமாகத் திறக்கக் கூடாது. பூச்சைச் சுரண்டவே கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. பலவற்றை ஒன்றாகக் காற்றோட்டமில்லாத அறையில் அடைத்து வைத்தால், ரேடியத்திலிருந்து கிளம்பும் ரேடான் என்ற வாயு அங்கே தங்கிவிடும். பழுது பார்ப்பதற்கு இதை அறிந்த தொழிலாளியிடமே கொடுக்கவேண்டும்.

வாங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற முத்திரைக்கு விலை கொடுக்கலாம். காதில் விழுகிற கதைக்குக் கொடுக்கவேண்டாம். ஸ்னைபரின் கடிகாரம் என்று ஒருவர் சொன்னால், அந்த வீரரின் பெயர் என்ன, அவருடைய ராணுவப் புத்தகம் எங்கே, அவர் குடும்பத்தார் எழுதிக்கொடுத்த கடிதம் உண்டா, அதில் கடிகாரத்தின் எண் குறித்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். இவை இருந்தால் அந்தக் காகிதங்களைக் கடிகாரத்தைவிடப் பத்திரமாக வைக்கவேண்டும். காகிதம் போனால் கதையும் போயிற்று. இல்லையென்றால், "1945-ஆம் வருஷத்துத் தரைப்படைக் கடிகாரம், கட்டியவர் யாரென்று தெரியாது" என்று ஒரு துண்டில் எழுதிக் கூட வைத்துவிடுவதே யோக்கியமான காரியம். நமக்குப் பின் அது யார் கைக்குப் போனாலும் அவர்களும் ஏமாறமாட்டார்கள்.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுதியிருக்கமாட்டோம். ஸ்னைபர் ஒருவனின் குறிப்புப் புத்தகத்தில் மணி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு மனிதன் இருந்தான். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. வீட்டில் அவனுக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. நடக்காத கொலையை ஒரு கடிகாரத்தின் மேல் ஏற்றிச் சொல்லுவது உயிரோடிருந்தவனுக்கும் அபவாதம், இறந்தவனுக்கும் அவமரியாதை. லிங்கெம் பள்ளியில் கற்றவர்கள், கண்டதைத்தான் எழுதினார்கள். காணாததை எழுதினால் தம் படையே மோசம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கட்டியதாகச் சொல்லும் கடிகாரத்தை விரும்பி வாங்குகிறவர்கள், அந்த ஒரு வழக்கத்தையும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.